கருப்பு எங்கேயும் போகவில்லை

வெளுத்த பம்பரோடு வருகிறவர்கள் எல்லாரும் ஒரே வார்த்தையைத்தான் சொல்வார்கள். "அண்ணாச்சி, சாயம் போயிட்டு." நான் பதில் சொல்வதில்லை. குழாயடியில் ஒரு மக் தண்ணீர் பிடித்துவந்து பம்பர் மேல் ஊற்றுவேன். சாம்பல் பூத்துக் கிடந்த பிளாஸ்டிக் கண்ணெதிரே கன்னங்கரேல் என்று ஆகும். வண்டிக்காரர் முகமும் கொஞ்சம் தெளியும். "சாயம் போயிருந்தா இந்தக் கருப்பு எங்கருந்து வந்துச்சு?" என்று கேட்பேன். அவர் யோசித்து முடிப்பதற்குள் ஓரங்கள் காய்ந்து வெளுப்பு திரும்பிவிடும். தூத்துக்குடி வெயிலில் அந்தப் பாடத்துக்கு மூன்று நிமிடம் போதும்.

சிலேட்டில் எழுதிப் படித்தவர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. எச்சில் தொட்டு அழித்த சிலேட்டு ஈரம் இருக்கும்வரை கருப்பு, காய்ந்தால் வெள்ளைப் படலம். அதற்காகத்தான் கோவை இலையைப் பறித்துக் கசக்கித் தேய்த்தோம். பம்பரிலும் நடப்பது ஏறக்குறைய அதுதான். வெயில் பட்டுப் பட்டு பிளாஸ்டிக்கின் மேல்தோல் நொறுங்கி, கண்ணுக்குத் தெரியாத வெடிப்பும் பள்ளமுமாகக் கிடக்கிறது. விழுகிற வெளிச்சம் அந்த மேடு பள்ளத்தில் பட்டு நாலாபக்கமும் சிதறுவதால் நமக்கு வெள்ளையாகத் தெரிகிறது. தண்ணீர் அந்தப் பள்ளங்களை நிரப்பிவிட்டால் வெளிச்சம் சிதறாமல் உள்ளே போகிறது, அடியில் இருக்கும் கருப்பு தெரிகிறது. நான் 20 வருடமாகச் செய்யும் வேலை முழுவதையும் அந்த ஒரு மக் தண்ணீரில் சொல்லிவிடலாம். பூசுகிற எல்லாம் ஒருவகையில் காயாத ஈரம்தான். எந்த ஈரம் எத்தனை நாள் நிற்கும் என்பதில்தான் தொழில் இருக்கிறது.

பிளாஸ்டிக்குக்குள் இருக்கும் கருப்பு, கரிப்புகையிலிருந்து எடுத்த கரித்தூள். அரிக்கேன் விளக்கின் சிம்னியில் படிகிறதே, அந்தக் குலம். நூற்றுக்கு இரண்டு பங்கு கலந்தாலே போதும். நிறம் தருவதோடு வெயிலை வாங்கிக்கொண்டு பிளாஸ்டிக்கைக் காப்பதும் அதுதான். கரி அவ்வளவு சுலபத்தில் வெளுக்காது. வெளுப்புக்குக் காரணம் வேறு. பம்பரைக் கழற்றி உட்பக்கம் பார்த்தால் அச்சில் பதித்த எழுத்து இருக்கும்: பிபி+இபிடிஎம்-டிடி20 என்று. பாலிப்ரொப்பிலீனோடு ரப்பர் கலந்து, எடையில் நூற்றுக்கு 20 பங்கு டால்க் தூள் சேர்த்தது என்று அதற்குப் பொருள். நம் முகப்பவுடரில் இருக்கும் அதே டால்க்தான். விறைப்புக்காகச் சேர்க்கிறார்கள். வெயில் மேலே இருக்கும் பிளாஸ்டிக்கைத் தின்றுவிட்டால் உள்ளே புதைந்திருந்த டால்க் தூள் வெளியே தலைகாட்டும். வெள்ளைத் துணியை எடுத்துப் பம்பரில் ஒரு தேய்ப்பு தேய்த்துப் பார்க்கையில் விரல் நுனியில் மாவு மாதிரி ஒட்டினால் அது இதுதான். பொதுவாக மனிதர்கள் இளமையில் பவுடர் பூசுவார்கள். பம்பர் வயதான பிறகு பூசிக்கொள்கிறது.

எங்கள் ஊரில் எதற்கெடுத்தாலும் உப்புக்காற்றின் மேல் பழி போடுவது வழக்கம். இரும்பு விஷயத்தில் அது நியாயம். உப்பளத்துக்குப் போய்வரும் வண்டிகளின் அடித்தகட்டை நான் பார்த்திருக்கிறேன், பிஸ்கட் மாதிரி உடையும். பம்பர் வெளுப்பதற்கு மட்டும் உப்பு காரணமில்லை. முன்பெல்லாம் திருகாணி போட்ட நம்பர் பிளேட்டைக் கழற்றிக் காட்டுவேன். அதன் பின்னால் நேற்று வார்த்தது போல் கருப்பு இருக்கும். உப்புக்காற்று அங்கேயும் போயிருக்கும், வெயில் போயிருக்காது. இப்போது வருகிற பூட்டுவைத்த பிளேட்டுகளைக் கழற்ற முடியாது என்பதால் என் நிரூபணத்துக்கு ஒரு சாட்சி குறைந்துபோனது. ஒட்டியிருந்த ஸ்டிக்கரை உரித்துக் காட்டிச் சமாளிக்கிறேன்.

சித்திரை பிறக்கும்போது எங்கள் ஊரில் உச்சிப்பொழுதில் நிழல் காலடியிலேயே கிடக்கும், சூரியன் நேர் தலைக்கு மேல். ஆவணி நடுவில் இன்னொரு முறை அப்படி வரும். அதனால் படுத்த வாக்கில் இருக்கும் உறுப்புகள் முதலில் போகும்: வைப்பருக்கு அடியில் இருக்கும் சல்லடைப் பட்டை, ரூஃப் ரெயில், பம்பரின் மேல் உதடு. வைப்பர் பட்டைக்கு பானெட்டின் சூடும் சேர்ந்துகொள்கிறது. அடுத்தது மேற்கு பார்த்த பக்கம். வண்டியை ஒரு சுற்று சுற்றிவந்தால் அது எங்கே தூங்குகிறது என்று சொல்லிவிடலாம். இடப்பக்கக் கதவுப் பட்டை மட்டும் வெளுத்திருந்தால் தினமும் ஒரே திசையில் நிறுத்துகிற ஆபீஸ் வண்டி. நான்கு பக்கமும் ஒன்றுபோல் வெளுத்திருந்தால் டாக்சி. ஒரு தடவை ஒருவரிடம், "வீட்டு வாசல் வடக்க பாத்ததா?" என்று கேட்டுவிட்டேன். ஜோசியம் பார்க்கிறவன் என்று நினைத்து மகள் ஜாதகத்தையும் கேட்கத் தொடங்கிவிட்டார்.

இந்தத் தொழில் என் ஆசான் காலத்தில் இல்லை. அம்பாசடரும் பத்மினியும் முலாம் பூசிய இரும்பு பம்பரோடு ஓடின. துரு பிடித்தால் முலாம் போட அனுப்புவார்கள். 1983 டிசம்பரில் மாருதி 800 வந்த பிறகுதான் கருப்பு பிளாஸ்டிக் பம்பர் நம் தெருக்களில் சகஜமாயிற்று. வெகுகாலம் பெயிண்ட் அடிக்காத பம்பர் என்றால் விலை குறைந்த மாடல் என்று அர்த்தம். வாங்கிய வாரமே சிலர் பெயிண்ட் கடைக்கு ஓடிவருவார்கள். இப்போது தலைகீழ். எஸ்யுவிகள் சுற்றிலும் கருப்பு கிளாடிங் கட்டிக்கொண்டு வருகின்றன, அதுதான் கம்பீரம் என்கிறார்கள். மறைமலை நகரில் தயாரான ஈகோஸ்போர்ட் நிறைய வருகிறது என்னிடம். 2021இல் ஃபோர்டு இந்தியாவில் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்த பிறகு, அந்த வண்டிக்காரர்கள் இருக்கிற கிளாடிங்கைப் பொன்போல் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். என் பிழைப்புக்கு நல்லது.

என்னிடம் வருமுன் அந்த பிளாஸ்டிக் என்னென்ன பட்டிருக்கும் என்று கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை. தேங்காய் எண்ணெய் போடாத வீடே கிடையாது. அன்றைக்குப் பளபளக்கும், மறுநாள் புழுதி அப்பிக்கொள்ளும். மேமாதம் குடும்பத்தோடு ஊட்டிக்குப் போன ஒருவர் அங்கிருந்தே போன் செய்தார்: "அண்ணாச்சி, பம்பர்ல வெள்ளை வெள்ளையா பூஞ்சாளம் பிடிச்சிருக்கு." தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறையும் என்பதை அவர் மனைவி சொல்லியிருப்பார், அவர் கேட்டிருக்க மாட்டார். ஷூ பாலிஷ் போட்டு வந்த வெள்ளை டாக்சி ஒன்று முதல் ஐப்பசி மழையில் கண்ணீர் வடித்ததுபோல் கதவு முழுக்கக் கருப்புக் கோடுகளோடு வந்து நின்றது. டீசல்தான் இவற்றில் எல்லாம் மோசம். பம்பருக்கு அது பெரிய கெடுதல் செய்யாவிட்டாலும், பக்கத்தில் இருக்கும் கதவு பீடிங் ரப்பர் எண்ணெய் பட்டால் ஊறி உப்பும். பிறகு மழைத்தண்ணீர் உள்ளே வருகிறது என்று தனிக் கேஸாக வரும்.

நானும் யோக்கியன் இல்லை. ஆரம்பத்தில் எனக்குத் தெரிந்தது சிலிக்கான் ஸ்பிரே மட்டும். அடித்துத் துடைத்தால் ஐந்து நிமிடத்தில் ஷோரூம் வண்டி. அப்போது ஒரு பெயிண்டர் அண்ணாச்சியின் ஷெட்டில் ஓரமாக இடம் வாங்கித் தொழில் பார்த்தேன். ஒருநாள் அவர் கதவு ஒன்றுக்குக் கடைசிக் கோட்டிங் அடிக்கத் தயாராக வைத்திருந்தபோது, நான் நாலடி தள்ளி டேஷ்போர்டுக்கு ஸ்பிரே அடித்துக்கொண்டிருந்தேன். காற்றில் பறந்தது எனக்குத் தெரியவில்லை. அவர் பெயிண்ட் அடித்ததும் கதவெங்கும் சின்னச் சின்ன வட்டமாகப் பெயிண்ட் விலகி நின்றது. மீன் கண் விழுந்துவிட்டது என்பார்கள். சிலிக்கான் இருக்கும் இடத்தில் பெயிண்ட் உட்காராது. அண்ணாச்சி என்னைத் திட்டவில்லை. வாட்டர் பேப்பரை என் கையில் கொடுத்து, "நீயே தேய்டே" என்றார். இரண்டு நாள் தேய்த்தேன். சிலிக்கான் எவ்வளவு பிடிவாதமானது என்று எனக்கு அந்தக் கதவுதான் கற்றுத்தந்தது.

ஹீட் கன் கதையையும் சொல்லிவிட வேண்டும். சூடு காட்டினால் வெளுத்த பம்பர் மந்திரம் போட்டதுபோல் கருக்கும். உள்ளே இருக்கும் எண்ணெய் மேலே வருகிறது என்று எல்லாரும் சொல்வார்கள், நானும் சொல்லித் திரிந்தேன். நடப்பது அதைவிட எளிது. மேல்தோல் லேசாக உருகி, வெடிப்புகள் ஒன்றோடொன்று கூடி வழுவழுப்பாகிறது. வெளிச்சம் சிதற இடம் இல்லாததால் கருப்பு தெரிகிறது. பாலிப்ரொப்பிலீன் 160 டிகிரி சுமாருக்கு உருகும். அதற்கு ஒரு நொடி முன்னால் கையை நகர்த்தத் தெரிய வேண்டும். தெரியாமல் ஒரு சைடு மிரரின் அடிப்பாகத்தில் நின்றுவிட்டேன். தோல்போல் இருந்த சொரசொரப்பு அழிந்து, உள்ளங்கை அகலத்துக்கு வழுக்கைத் தலை மாதிரி மின்னியது. அந்தச் சொரசொரப்பு அச்சில் வார்த்தது. போனால் போனதுதான், எந்த மருந்தாலும் திரும்ப வராது. புது மிரர் வாங்கிக் கொடுத்தேன். தவிர, பிளாஸ்டிக்கைக் காக்கக் கலந்த மருந்து ஏற்கெனவே தீர்ந்துபோன தோலைத்தான் உருக்கிப் பூசுகிறோம். சில மாதத்தில் மறுபடி வெளுக்கும், அடுத்த முறை உருக்க அவ்வளவு நல்ல தோல் மிச்சமிருக்காது. இன்றைக்கு ஹீட் கன்னை ஸ்டிக்கர் உரிக்க மட்டும் எடுக்கிறேன்.

சுத்தம் செய்வதுதான் வேலை, பூசுவது அதற்குப் பின்னால் வரும் சடங்கு. நான்கு மணி நேர வேலையில் மூன்று மணி நேரம் கழுவுவதிலேயே போகும். வண்டிக்காரர்கள் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தால் பொறுமை இழப்பார்கள். "எப்ப அண்ணாச்சி மருந்து போடுவீங்க?" என்று கேட்பார்கள். டிகிரீசரை ஒன்றுக்குப் பத்தாகத் தண்ணீரில் கலந்து, நிழலில், பிளாஸ்டிக் சூடு ஆறிய பிறகு அடிக்க வேண்டும். வெயிலில் அடித்தால் தேய்ப்பதற்குள் காய்ந்து அதுவே ஒரு கறையாகும். பெரிய பரப்புக்குத் துணி துவைக்கிற மென்மையான பிரஷ், மூலைக்கு டூத் பிரஷ். சொரசொரப்பின் குழிகளுக்குள் இழை போக வேண்டும் என்பதால் வட்டமாகவும் குறுக்காகவும் மாற்றித் தேய்க்க வேண்டும். முதல் நுரை காப்பித்தண்ணி நிறத்தில் வரும், அது எண்ணெயும் புழுதியும். இரண்டாவது சாம்பல் நிறம், அது செத்துப்போன பிளாஸ்டிக்கும் டால்க்கும். நுரை வெள்ளையாக வரும்வரை விடக்கூடாது. 2023 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு வந்த வண்டிகளுக்கு ஆறேழு முறை கழுவியும் வண்டல் வந்துகொண்டே இருந்தது. தண்ணீர் எந்த மட்டத்தில் நின்றது என்று கிளாடிங்கில் கோடு போட்டிருந்தது. அந்த மாதம் நான் யாரையும் அவசரப்படுத்தவில்லை, யாரும் என்னை அவசரப்படுத்தவில்லை.

வேக்ஸ் பாலிஷ் போட்ட வண்டிகளில் இன்னொரு தொல்லை உண்டு. பெயிண்டுக்குப் பூசிய பாலிஷ் பிளாஸ்டிக்கின் குழிகளில் போய் வெள்ளையாகக் காய்ந்துவிடும். வண்டிக்காரர் அதையும் வெளுப்புக் கணக்கில் சேர்த்துவிடுவார். பள்ளிப் பிள்ளைகளின் அழிரப்பர் அதற்குப் போதும். என் மேஜையில் இருக்கும் ரப்பர்களைப் பார்த்து, பேத்திக்கு வாங்கியதாக நினைப்பார்கள்.

கழுவி முடித்ததும் கம்ப்ரசர் காற்றால் சந்து பொந்தெல்லாம் ஊதித் தண்ணீரை வெளியேற்ற வேண்டும். ஃபாக் லேம்ப் வளையத்துக்குள் ஒளிந்திருக்கும் ஒரு சொட்டு, மருந்து பூசும் நேரம் பார்த்து வழிந்து வரும். பிறகு ஐபிஏ என்கிற ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலைத் தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்து ஒரு துடைப்பு. கடைசியாகச் சோதனை. விரலால் தண்ணீர் தெளித்தால், வெயிலில் வெளுத்து உண்மையாகவே சுத்தமான பிளாஸ்டிக் அதை விரித்து வாங்கிக்கொள்ளும். தாமரை இலைத் தண்ணீர் மாதிரி உருண்டு நின்றால் எங்கோ சிலிக்கான் மிச்சம் இருக்கிறது. மறுபடி முதலிலிருந்து. இந்த இடத்தில்தான் எனக்கு வேலைக்கு வரும் பையன்கள் பாதிப் பேர் நின்றுபோவார்கள்.

பூசுவதைப் பற்றிச் சொல்ல அவ்வளவு இல்லை. கருநிறமி கலந்த மருந்து ஒருவகை, கண்ணாடிபோல் இறுகும் செராமிக் கோட்டிங் இன்னொருவகை. மிகவும் வெளுத்ததற்கு முதலாவது, ஓரளவு தோல் நன்றாக இருப்பதற்கு இரண்டாவது. பெயிண்ட் ஓரங்களுக்கு மாஸ்கிங் டேப் ஒட்டி, பஞ்சில் நான்கைந்து சொட்டு விட்டு, ஒரு பாகம் முடித்தபின் அடுத்த பாகம். பம்பர் முழுவதற்கும் 30 மில்லி பாட்டிலில் பாதிகூடச் செலவாகாது. தாராளமாக ஊற்றினால் திட்டுத்திட்டாக நிற்கும். சில நிமிடம் பொறுத்து மிச்சத்தை மைக்ரோஃபைபர் துணியால் துடைத்துவிட வேண்டும். பனியன் வேஸ்ட் வேண்டாம், நூல் ஒட்டும். பிறகு ஒரு நாள் தண்ணீர் படக்கூடாது. அந்த ஒரு நாளை மட்டும் யாரும் தரமாட்டேன் என்கிறார்கள். சாயங்காலமே கோயிலுக்குப் போக வேண்டும் என்பார்கள், கோயில் வாசலில் டிரைவர் வண்டியைக் கழுவிவிடுவார்.

எவ்வளவு கருப்பு என்பதில்தான் எனக்கும் வண்டிக்காரர்களுக்கும் சண்டை. கம்பெனியிலிருந்து வந்தபோது அந்த பிளாஸ்டிக் மையிருட்டாக இருந்ததில்லை. நம்பர் பிளேட்டுக்குப் பின்னால் கிடந்த நிறம் எனக்கு நினைவிருக்கிறது: கருங்கல்லில் லேசாக எண்ணெய்க் கை பட்டதுபோல், அமைதியான கருப்பு. கேட்பவர்களுக்கோ கோயில் சிலை மாதிரி மின்ன வேண்டும். மின்னினால் காசு கொடுத்ததற்கு அடையாளம் தெரிகிறது, அவர்கள் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனாலும் நான் இறங்கிப்போவதில்லை. "இன்னும் ஒரு கோட்டு அடிச்சாத்தான் என்ன?" என்று கேட்டால், மூன்றாவது மழைக்குப் பிறகு வாருங்கள், குறைந்திருந்தால் காசில்லாமல் அடித்துத் தருகிறேன் என்பேன். அநேகமாக வரமாட்டார்கள்.

வண்டிக்குள்ளே இருப்பது வேறு உலகம். முன்கண்ணாடி வெயிலின் கொடுமையான பகுதியைத் தடுத்துவிடுகிறது, டேஷ்போர்டைத் தின்பது சூடு. சீட்டு ரெக்ஸினும் மெத்தென்ற டேஷ்போர்டுத் தோலும் பிவிசி. வீட்டில் தண்ணீர் வருகிற குழாயும் அதே பிவிசிதான். குழாய் விறைப்பாக இருக்கிறது, ரெக்ஸின் மடங்குகிறது என்றால் நடுவில் இருப்பது ஒருவகை எண்ணெய். 1920களில் அமெரிக்காவில் வால்டோ செமான் என்பவர் பிவிசியை இப்படி மெத்தென்று ஆக்கும் வழி கண்டுபிடித்தார். அந்த எண்ணெய் சூட்டில் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறுகிறது. முன்கண்ணாடியின் உட்பக்கம் துடைக்கத் துடைக்கப் படியும் பிசுபிசுப்பான புகைமூட்டத்தில் அதற்கும் பங்கு உண்டு. போன எண்ணெயை மேலே பூசும் எந்த பாலிஷும் உள்ளே திரும்ப அனுப்பாது. அதனால் ரெக்ஸின் விறைக்கும் முன்பே சுத்தமாகத் துடைத்து, நிழலில் நிறுத்தி, முன்கண்ணாடிக்கு மறைப்பு வைப்பதுதான் வைத்தியம். வெடித்த பிறகு என்னிடம் வந்தால் சீட்டுத் தைப்பவர் கடைக்கு வழி சொல்லி அனுப்பிவிடுவேன்.

உள்ளே மினுமினுப்பே கூடாது என்பது என் கட்சி. மின்னுகிற டேஷ்போர்டு முன்கண்ணாடியில் எதிரொளித்து, மத்தியான வெயிலில் எதிரே வருவதை மறைக்கும். ஸ்டீயரிங்குக்கும் பெடலுக்கும் பாலிஷ் போடவே கூடாது. புதிதாக வந்த பையன் ஒருவன் ஆர்வத்தில் பிரேக் பெடல் ரப்பருக்கும் போட்டுப் பளபளப்பாக்கி வைத்திருந்தான். வண்டியை வெளியே எடுக்க ஏறியபோது என் கால் வழுக்கியதால் பிழைத்தோம். வண்டிக்காரர் கால் என்றால் என்ன ஆகியிருக்கும். டேஷ்போர்டில் வைக்கும் சென்ட் பாட்டில் கசிந்து பிளாஸ்டிக்கை இளக்கி அடையாளம் போட்டிருந்தால் அதையும் என்னால் எடுக்க முடியாது. பிள்ளையாரைக் கொஞ்சம் நகர்த்தி அதன் மேல் உட்காரவைக்கச் சொல்வேன்.

என் ஷெட்டின் தகரக் கூரை மேல் ஒரு பழைய பம்பர் கிடக்கிறது. உடைந்த வண்டியிலிருந்து எடுத்தது, 2019இல் ஏற்றிவைத்தேன். மாஸ்கிங் டேப்பால் ஏழு பட்டைகளாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் ஒன்று பூசினேன்: தேங்காய் எண்ணெய், ஷூ பாலிஷ், சிலிக்கான், ஹீட் கன், கருநிறமி, செராமிக். ஏழாவதில் எதுவும் பூசவில்லை, அலுமினிய டேப் ஒட்டி மூடினேன். எண்ணெய் ஒரு வாரம்கூட நிற்கவில்லை. ஷூ பாலிஷ் முதல் மழையோடு போயிற்று. சிலிக்கான் இரண்டு மாதம். ஹீட் கன் பட்டை ஒரு கோடையைத் தாண்டவில்லை, இப்போது மற்றவற்றைவிட அதில்தான் வெடிப்பு அதிகம். கருநிறமியும் செராமிக்கும் இரண்டு வருடம் தாக்குப்பிடித்து மெல்ல மெல்ல மங்கின. யாராவது ரொம்ப வாதம் செய்தால் ஏணி போட்டு ஏறச் சொல்வேன், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறியவர்களும் உண்டு. போன சித்திரையில் அலுமினிய டேப்பை ஓரமாக இரண்டு விரல் அகலம் உரித்துப் பார்த்தேன். நம்பர் பிளேட்டுக்குப் பின்னால் இருக்கும் அந்தக் கருப்பு அப்படியே இருந்தது. காகம் வந்து கொத்துமுன் திரும்ப ஒட்டிவிட்டு இறங்கினேன்.